புதுவீட்டில் குடியேறியதும் கறையான் பரிசோதனை: முதல் சுற்றுப் பார்வையிலிருந்து அறிக்கை வரை

ஒரு வீட்டின் சுவர்களும் மூலைகளும் மறைவின்றிக் கண்ணில் படுவது குடியேறும் நாட்களில் மட்டுந்தான். கட்டில் சுவரோரம் போய், அலமாரிகள் மூலைகளை அடைத்து, பரணில் மூட்டைகள் ஏறிவிட்டால், அவற்றின் பின்னால் என்ன நடக்கிறது என்பது பல ஆண்டுகளுக்குத் தெரியாமலே போய்விடும். கறையானுக்கு வேண்டியதும் அந்த மறைவுதான். எனவே கறையான் பரிசோதனையைச் சாமான்கள் இடம்பிடிப்பதற்கு முன்போ, குடியேறிய முதல் சில வாரங்களுக்குள்ளோ செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே சாமான்களை அடுக்கிவிட்டவர்களும் செய்யலாம். அவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவே.

புதிதாகக் கட்டிய வீடு, கான்கிரீட் வீடு, மேல்தளத்து வீடு ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. மூன்றுமே தவறு. கறையான் கான்கிரீட்டைத் தின்னாது. ஆனால் 1 மில்லிமீட்டர் அகல விரிசல் இருந்தாலே அதன் வழியாக ஏறிவந்து கதவு நிலையையும் பிளைவுட் அலமாரியையும் தின்னும். குழாய்களும் மின்கம்பிகளும் செல்லும் செங்குத்துப் பாதைகள் அதற்கு மேல்தளங்கள் வரை வழிவிடுகின்றன. எங்கோ ஒரு குழாய் இடைவிடாமல் கசிந்தால், சில இனங்கள் மண்ணோடு தொடர்பே இல்லாமல் சுவருக்குள்ளேயே கூடு கட்டிக்கொள்ளவும் செய்யும்.

எந்தக் கறையான் என்பதைப் பொறுத்தே எல்லாம்

வெள்ளை எறும்பு என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், கறையான் எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. கரப்பான்பூச்சிக்கு நெருங்கிய உறவு. உலகில் ஏறத்தாழ 3,000 இனங்கள் இருந்தாலும் அவற்றுள் சிறு பகுதியே வீடுகளைச் சேதப்படுத்துகின்றன. வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு வகைகள்.

முதலாவது மண்ணடிக் கறையான். இதன் தோல் மிக மெல்லியது. வறண்ட காற்றில் உடல் ஈரத்தை விரைவில் இழந்துவிடும். ஆகவே அது நிலத்தடி ஈரத்தோடு தொடர்பை விடாமல், மண்ணையும் தன் உமிழ்நீரையும் கழிவையும் குழைத்து, ஏறக்குறைய பென்சில் தடிமனுள்ள மண்குழாய்களைக் கட்டி அவற்றுக்குள்ளேயே போய்வருகிறது. சுவரில் நாம் காணும் மண்கோடு அதுதான். இரண்டாவது உலர்மரக் கறையான். இதற்கு மண்ணும் வேண்டாம், மண்குழாயும் வேண்டாம். மரத்துக்குள்ளேயே பிறந்து, அதிலுள்ள சொற்ப ஈரத்திலேயே பிழைத்து, கழிவை மட்டும் சிறு துளைகள் வழியே வெளியே தள்ளும். அந்தக் கழிவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமுள்ள, ஆறு பக்கங்கள் கொண்ட உருட்சிகளாக, கரடுமுரடான மணலைக் குவித்தாற்போல் தரையில் சேர்ந்து கிடக்கும். முதல்வகைக்கு மண்ணிலும் சுவரிலும் வேலை செய்ய வேண்டும். இரண்டாம் வகைக்கு மரத்திலேயே செய்ய வேண்டும். வகை தெரியாமல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீணாகிறது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடியது மரத்தை உளுக்கச்செய்யும் வண்டு. கீழே கிடக்கும் தூளை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். மாவைப் போல் வழுவழுவென்றிருந்தால் பெரும்பாலும் அது வண்டின் வேலை; மரத்தில் வட்டமான சிறு துளைகளும் தெரியும். நறநறவென்று மணிமணியாக உறுத்தினால் உலர்மரக் கறையானைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 1: பழைய ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

வீட்டை விற்றவரிடமோ, வாடகைக்கு விட்டவரிடமோ, கட்டியவரிடமோ மூன்று விவரங்களைக் கேளுங்கள். கட்டுமானத்தின்போது அடித்தள மண்ணில் கறையான் தடுப்பு மருந்து இடப்பட்டதா, அதன்பின் எப்போதாவது மருந்து அடிக்கப்பட்டதா, அதற்கு உத்தரவாதம் இருந்தால் அது புதிய உரிமையாளரின் பெயருக்கு மாறுமா என்பவை அவை. வாய்மொழிப் பதில் போதாது. எந்த மருந்து, எந்தத் தேதி என்று எழுதப்பட்ட தாளைக் கேளுங்கள். தாள் இல்லாவிட்டாலும் தரை சில சமயம் சாட்சி சொல்லும். சுவரும் தரையும் சேருமிடத்தில், ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, சிமென்ட் வைத்து அடைத்த சிறு துளைகள் வரிசையாகத் தெரிந்தால், அங்கே முன்பு துளையிட்டு மருந்து செலுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அது முன்னெச்சரிக்கையாகச் செய்ததா, கறையான் வந்தபின் செய்ததா என்பதே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

கட்டும்போது மண்ணில் இட்ட மருந்தும் நிரந்தரமானதன்று. காலப்போக்கில் அதன் வீரியம் குறையும். அதைவிட முக்கியமானது, வீட்டைச் சுற்றி மண்ணைத் தோண்டினாலும், தோட்டம் போடுவதற்காகச் சுவரோரம் புதுமண் கொட்டினாலும், மருந்துள்ள மண்ணைத் தாண்டிப் போகக் கறையானுக்கு நாமே பாலம் கட்டிக் கொடுத்தவர்களாகிறோம்.

படி 2: நீங்களே ஒரு சுற்றுப் பாருங்கள்

தேர்ந்த பரிசோதகரை அழைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களே பார்ப்பது, அவருக்கு மாற்றாக அன்று, அவரிடம் சரியான இடங்களைக் காட்டுவதற்காக. வெளிச்சமான டார்ச், ஒரு திருப்புளி, ஒரு நோட்டு, கைபேசிக் கேமரா ஆகியவை போதும்.

டார்ச்சைச் சுவருக்கு நேர் எதிரே பிடிக்காதீர்கள். சுவரை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, ஒளியைச் சுவர்ப்பரப்பின் மேல் வழுக்கி ஓட விடுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த பெயின்ட்டின் அடியில், சாய்ந்த வெளிச்சத்தில் நரம்பு புடைத்தாற்போல் மெல்லிய மேடு ஒன்று தெரியலாம். மரச்சட்டத்தின் பெயின்ட் நீர்க்கொப்புளம் போல உப்பியிருப்பதும், சுவரடிப் பட்டை சற்றே அலையலையாக இருப்பதும் தெரியலாம். வீடு முழுக்கப் பழைய பெயின்ட் இருக்க, ஒரு கதவு நிலையின் அடிப்பகுதியில் மட்டும் புதுப்பூச்சு இருந்தால் அங்கே கூடுதல் நேரம் நில்லுங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. திருப்புளியின் கைப்பிடியால் கதவு நிலையை அடியிலிருந்து மேல்நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான மரம் கணீரென்று ஒரே சீராகப் பதில் சொல்லும். செல்லரித்த இடம் வந்ததும் ஒலி சட்டென்று மந்தமாகி, காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் கேட்கும். அங்கே கட்டைவிரலால் அழுத்தினால், மேலே பெயின்ட்டும் காகிதக் கனத்துக்கு மரமும் மட்டும் மிஞ்சியிருப்பது தெரியவரும். கறையான் மரத்தின் மென்மையான பகுதிகளை நார்ப்போக்கிலேயே தின்று, மேற்பரப்பை விட்டுவைப்பதால் இப்படி ஆகிறது. உள்ளே அடுக்கடுக்கான பள்ளங்களில் மண் அப்பியிருந்தால் மண்ணடிக் கறையான். பள்ளங்கள் மண்ணின்றித் துப்புரவாக, உருட்சிகள் நிறைந்து இருந்தால் உலர்மரக் கறையான்.

எங்கெங்கே பார்ப்பது என்பதற்கு ஈரத்தைப் பின்தொடருங்கள். குளியலறையின் மறுபுறச் சுவர், சமையலறைத் தொட்டியின் கீழ் அலமாரி, குழாய்கள் சுவருக்குள் நுழையும் ஓட்டைகள், ஏசியின் தண்ணீர் சொட்டும் இடம், மொட்டைமாடி நீர் இறங்கும் குழாயின் அடி ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. பிறகு மாடிப்படியின் அடிப்புறம், பரண், சுவரில் பதித்த அலமாரிகளின் பின்பலகை, மின்பெட்டியின் ஓரங்கள். வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்து, அடித்தளச் சுவரில் மண்கோடு ஏறுகிறதா, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை அருகில் இருக்கிறதா, விறகோ பழைய பலகைகளோ சுவரில் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டடத்தின் மரப்பகுதி எதுவும் மண்ணைத் தொடக் கூடாது; இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பது நல்லது.

நீங்கள் கொண்டுவந்த சாமான்களையும் விட்டுவிடாதீர்கள். உலர்மரக் கறையான் பெரும்பாலும் பழைய நாற்காலிக்குள்ளும் கட்டிலுக்குள்ளும் இருந்தபடியேதான் வீடு மாறுகிறது. பிரிக்காமல் தரையில் அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் ஆபத்தானவை. அட்டையும் மரத்தைப் போலவே கறையான் தின்னும் செல்லுலோஸ்தான்.

சன்னலோரம் உதிர்ந்த சிறகுகள் குவியலாகக் கிடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈசல் என்பது கறையானின் சிறகு முளைத்த பருவம். அதன் நான்கு சிறகுகளும் ஒரே நீளம், இடுப்பு தடித்தது, உணர்கொம்பு நேரானது. சிறகெறும்புக்கோ முன்சிறகு நீளம், பின்சிறகு குட்டை, இடுப்பு ஒடுங்கியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியது. வெளியிலிருந்து விளக்கொளிக்கு வந்த ஈசலைக் கண்டு அஞ்ச வேண்டாம். வீட்டுக்குள்ளேயே சுவர் விரிசலிலிருந்தோ மரச்சட்டத்திலிருந்தோ ஈசல் புறப்பட்டால்தான் கவலை. ஒரு கறையான் கூட்டம் ஈசலை அனுப்பும் அளவுக்கு வளரப் பொதுவாகச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், நீங்கள் குடியேறுவதற்கு வெகுகாலம் முன்பே அது அங்கே இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

படி 3: கண்டதைக் கலைக்காதீர்கள்

இந்த ஒரு படியை மட்டும் தவறவிட வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நான் குடியேறிய வீட்டின் சாமான் அறையில், கதவு நிலையோரம் ஒரு விரல் நீளத்துக்கு மண்கோட்டைக் கண்டதும், கையில் கிடைத்த பூச்சிக்கொல்லியை அடித்துத் துடைத்தும் விட்டேன். சில நாட்கள் கழித்து வந்த பரிசோதகருக்குக் காய்ந்த தடம் மட்டுமே கிடைத்தது. உயிருள்ள கறையான் ஒன்றுகூட அகப்படாததால், அது எந்த வகை, எந்த வழியாக வருகிறது என்று அவரால் சொல்ல இயலவில்லை. அடுத்த சில வாரங்களில் அதே சுவரின் மறுபக்கம், துணி அலமாரியின் பின்பலகையில் புது மண்கோடு தெரிந்தது. தெளித்த மருந்து கண்ணுக்குத் தெரிந்த சிலவற்றைக் கொன்றது. கூட்டமோ வேறு வழியில் போயிற்று.

உயிரோட்டம் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், மண்குழாயின் நடுவே அரை அங்குலம் மட்டும் உடைத்துவிட்டுப் படம் எடுத்து, தேதி குறித்து வையுங்கள். சில நாட்களில் உடைந்த இடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே போக்குவரத்து நடக்கிறது. அடைபடாததால் மட்டும் கறையான் இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு பாதையில் அவை போய்க்கொண்டிருக்கலாம்.

படி 4: பரிசோதகரைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் பகுதியின் சட்டப்படி உரிமம் தேவையென்றால் அது இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, முன்பு அவர் எழுதிய அறிக்கை ஒன்றை, உரிமையாளரின் விவரங்களை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் "கறையான் உண்டு, மருந்து தேவை" என்று முடியும் அறிக்கைக்கும், அறை அறையாகப் படங்களோடு எழுதிய அறிக்கைக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும். பரிசோதனை இலவசம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மருந்தடிக்கும் ஒப்பந்தத்தில் வருமானம் பார்ப்பவர்கள். அவர்களுள் நேர்மையானவர்களும் உண்டு. என்றாலும் இயன்றால் பரிசோதனைக்கு மட்டும் கட்டணம் கொடுத்து, மருந்தடிப்பதைத் தனியாக முடிவு செய்வதே என் விருப்பம்.

இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் வீடு விழுந்துவிடும் என்று அவசரப்படுத்துகிறவரை நம்ப வேண்டாம். கறையான் சேதம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சேர்வது. இன்னொருவரிடம் கேட்டு முடிவெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதால் பொதுவாக நிலைமை மாறிவிடாது. கூரையையோ தளத்தையோ தாங்கும் மரம் அரிக்கப்பட்டிருந்தால் மட்டும் தாமதிக்காமல் கட்டடப் பொறியாளரை அழைத்து வலிமையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அது கறையான் பரிசோதகரின் வேலையன்று.

படி 5: பரிசோதனை நாள்

முந்தைய நாளே சாமான்களைச் சுவரிலிருந்து அரை மீட்டராவது நகர்த்தி, தொட்டியின் கீழ் அலமாரிகளைக் காலி செய்து, பரணுக்கும் மேற்கூரைக்கும் ஏற வழி செய்து வையுங்கள். பூட்டிய அறைகளின் சாவிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவர்களை அன்று கழுவவோ, புதிதாகப் பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். நடுத்தர அளவுள்ள வீட்டை ஒழுங்காகப் பார்க்க ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கால் மணியில் முடிந்தால் அதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது.

பரிசோதகரோடு கூடவே நடங்கள். அவர் கையில் டார்ச்சும், தட்டிப் பார்க்கும் கருவியும், ஈரமானியும் இருக்கும். ஈரமானியின் முனைகளை மரத்தில் வைத்தால் ஈரப்பதம் சதவீதத்தில் தெரியும்; 20 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். சிலர் வெப்பப்படக் கேமராவும் கொண்டுவருவார்கள். அது சுவருக்குள் இருக்கும் கறையானைப் படம் பிடித்துக் காட்டுவதில்லை; மேற்பரப்பின் வெப்பநிலை வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. குழாய்க் கசிவும் அதே நிறத்தில் தெரியும் என்பதால், அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சுவரை உடைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரமானியாலோ, சிறு துளை வழியே செலுத்தும் கேமராவாலோ உறுதி செய்யச் சொல்லுங்கள்.

உயிருள்ள கறையான் கிடைத்தால், அனுபவமுள்ள பரிசோதகர் பெரிய தலையும் தாடையும் கொண்ட போர்வீரக் கறையான்களைத் தேடி ஒரு சிறு குப்பியில் சேகரிப்பார். வேலைக்காரக் கறையான்கள் இனத்துக்கு இனம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், போர்வீரனின் தலையையும் தாடையையும் கொண்டே இனத்தைப் பிரித்தறிய முடிகிறது. அவர் அப்படிச் செய்வதைக் கண்டால் சரியான ஆளைத்தான் அழைத்திருக்கிறீர்கள்.

படி 6: அறிக்கையைப் படித்தல்

இந்த வழிகாட்டியில் என் மனத்துக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். "கறையான் காணப்படவில்லை" என்பது வேறு, "கறையான் இல்லை" என்பது வேறு. கண்ணால் பார்த்துச் செய்யும் பரிசோதனை முதலாவதை மட்டுமே சொல்ல முடியும். ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்து முடிவுக்குப் போகாமல், எந்தெந்த இடங்களைப் பார்க்க முடியவில்லை என்ற பட்டியலை முதலில் படியுங்கள். சுவரோடு பொருத்திய சமையலறை அலமாரியின் பின்புறம், பொய்க்கூரையின் மேல்பகுதி, பூட்டிய அறை என்று அந்தப் பட்டியல் நீண்டால், அந்த இடங்களைத் திறந்து மறுபடி பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படியொரு பட்டியலே இல்லாத அறிக்கையைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். எல்லா இடத்தையும் பார்த்துவிட முடிகிற வீடு அரிது.

அடுத்து, உயிருள்ள கறையான், பழைய சேதம், கறையானுக்கு வாய்ப்பான சூழல் ஆகிய மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய சேதம் மட்டும் இருந்து இப்போது உயிரோட்டம் இல்லையென்றால், உடனே மருந்தடிப்பதைவிடக் கண்காணிப்பும் மரவேலையுமே தேவைப்படலாம். கசியும் குழாய், சுவரோர மண்மேடு போன்றவற்றைச் சரிசெய்வது பெரும்பாலும் செலவு குறைந்தது; அதை மருந்துக்கு முன்னால் செய்யுங்கள். தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் சுவரில் எவ்வளவு மருந்து செலுத்தினாலும் கறையான் திரும்பிவர ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும்.

படி 7: மருந்து தேவையென்று முடிவானால்

மண்ணடிக் கறையானுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணிலும், தரையில் துளையிட்டு அடிமண்ணிலும் திரவ மருந்தைச் செலுத்தித் தடைவளையம் அமைப்பது. பைரெத்ராய்டு வகை மருந்துகள் கறையானை விரட்டுவன. வளையத்தில் சிறு இடைவெளி விட்டாலும் அதைத் தேடிக் கண்டுபிடித்து நுழைந்துவிடும். ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவற்றைக் கறையான் உணர்வதில்லை. அவற்றின் ஊடாக நடந்து, உடலில் ஏற்றிக்கொண்டு, மற்றக் கறையான்களுக்கும் பரப்பும். மற்றொரு வழி இரைப்பெட்டி வைப்பது. அதிலுள்ள ஹெக்ஸாஃப்ளூமுரான் போன்ற பொருள், தோலுரிக்கும்போது புதுத்தோல் உருவாகாமல் தடுக்கிறது. வேலைக்காரக் கறையான் வாய்வழியே அதைக் கூட்டத்துக்கே ஊட்டிவிடுவதால் கூட்டம் மெல்ல மெல்ல அழிகிறது. அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம் என்ற பொறுமை வேண்டும்.

உலர்மரக் கறையான் ஒரு கதவிலோ கட்டிலிலோ மட்டும் இருந்தால், அந்த மரத்தில் துளையிட்டு மருந்து செலுத்துவதோ, அதை மாற்றிவிடுவதோ போதும். பரவலாக இருந்தால் வீட்டையே மூடி நச்சுப்புகை செலுத்துவார்கள். அது உள்ளே இருப்பவற்றைக் கொல்லும். ஆனால் மறுபடி வராமல் காக்கும் எச்சம் எதையும் விட்டுச்செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எந்த வழியானாலும் மருந்தின் பெயர், கலக்கும் அளவு, செலுத்தும் இடங்கள், மீண்டும் வீட்டுக்குள் வர வேண்டிய நேரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். கிணறோ ஆழ்துளைக் கிணறோ அருகிலிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அப்புறப்படுத்துங்கள். மீன்தொட்டி பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. இந்த மருந்துகளில் பல மீன்களுக்குக் கொடிய நஞ்சு.

படி 8: அதன் பிறகு

ஆண்டுக்கு ஒரு முறை மறுபரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறையான் கண்டெடுக்கப்பட்ட வீடானால் முதல் ஆண்டில் பரிசோதகர் சொல்லும் குறுகிய இடைவெளியில் செய்யுங்கள். அறிக்கையையும், நீங்கள் எடுத்த படங்களையும், வீட்டின் வரைபடத்தில் சந்தேக இடங்களைக் குறித்த தாளையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்த பரிசோதனைக்கு வருகிறவரிடம் முதலில் அதைக் கொடுங்கள். பொருத்தப்போகும் அலமாரிகளுக்கும் சுவருக்கும் இடையே டார்ச் வெளிச்சம் போகுமளவுக்காவது இடைவெளி விடச் சொல்லித் தச்சரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பின்பலகையைக் கழற்றக்கூடிய திருகாணிகளால் பொருத்தச் சொன்னால் இன்னும் நல்லது.